லிப்பிகேப் கொண்டு பொதிகளைப் பிடித்தல்: சிறிய டிஎன்எஸ் பதிவுநிரல் ஒன்றை எழுதும் முறை

வலையமைப்பில் ஓடும் தரவுப் பொதிகளைப் பிடித்துப் பார்க்க விரும்பும் ஒரு சி நிரலாளர், லினக்ஸுக்கு ஒரு விதமாகவும் மேக் கணினிக்கு வேறு விதமாகவும் விண்டோஸுக்கு இன்னொரு விதமாகவும் நிரல் எழுத வேண்டியதில்லை. அந்த இயங்குதளங்கள் பொதிகளைப் பயனர் நிரலுக்குக் கொடுக்கும் வழிகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்றாலும், அவற்றின்மேல் அமர்ந்து ஒரே விதமான செயற்கூறுகளைத் தருவதே லிப்பிகேப் நூலகத்தின் வேலை. கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கான் ஆகிய மூவரும் பொதிகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை உருவாக்கியபோது, அதில் பொதி பிடிக்கும் பகுதி தனி நூலகமாகப் பிரிந்து வளர்ந்தது. இன்று அதை டிசிபிடம்ப் குழுவினர் பராமரிக்கிறார்கள். வயர்ஷார்க், என்மேப், ஸ்நார்ட் முதலிய வலையமைப்பு ஆய்வுக் கருவிகள் இதையே நம்பி இயங்குகின்றன. விண்டோஸில் முன்பு இருந்த வின்பிகேப் வளர்ச்சி நின்றுபோன ஒன்று. அதன் இடத்தில் என்மேப் திட்டத்தாரின் என்பிகேப்பை நிறுவிக்கொள்ள வேண்டும்.

இந்த வழிகாட்டியில் நாம் எழுதப்போவது, ஒரு கணினியிலிருந்து வெளியேறும் டிஎன்எஸ் கேள்விகளை, அதாவது ஒரு தளப்பெயருக்குரிய முகவரியைக் கேட்டு அனுப்பப்படும் பொதிகளைக் கவனித்து, எந்த நேரத்தில் எந்தத் தளப்பெயர் கேட்கப்பட்டது என்று வரிவரியாக அச்சிடும் ஒரு சிறிய நிரல். சி மொழியின் சுட்டுகளும் கட்டுருக்களும் தெரிந்தவருக்கு இது போதும். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிபெயர்த்து, அடிக்கோடுகளை உரிய இடத்திலேயே வைத்து எழுதியிருக்கிறேன். நூலகத்தின் கையேட்டில் அவற்றை எளிதில் அடையாளம் காணலாம். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகள் பல, முதல் பொதி திரையில் விழுந்தவுடன் முடிந்துவிடுகின்றன. ஆனால் பதிவுநிரலின் மதிப்பு, அது காட்டியவற்றோடு அது காட்டாமல் விட்டவற்றையும் நாம் அறிந்திருப்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே அந்தப் பக்கத்துக்கு இங்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு நிபந்தனை: உங்களுக்குச் சொந்தமான, அல்லது பொறுப்பாளரிடம் அனுமதி பெற்ற வலையமைப்பில் மட்டுமே பிடியுங்கள். டிஎன்எஸ் கேள்விகளைப் பார்த்தாலே ஒருவருடைய அன்றாடப் பழக்கங்களில் பாதி தெரிந்துவிடும்.

நிறுவுதல்

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் லிப்பிகேப்-டெவ் என்ற தொகுப்பையும், ஃபெடோராவில் லிப்பிகேப்-டெவெல் என்ற தொகுப்பையும் நிறுவ வேண்டும். மேக் கணினியின் நிரலாக்கக் கருவிகளோடு நூலகம் சேர்ந்தே வருகிறது. நிரலின் தொடக்கத்தில் பிகேப் தலைப்புக் கோப்பை இணைத்து, நிரல்பெயர்ப்பிக்கு இணைப்பு விருப்பமாக பிகேப் நூலகத்தின் பெயரைக் கொடுத்தால் போதும்.

முதலில் கோப்பிலிருந்து படியுங்கள்

நேரடியாக வலை இடைமுகத்தைத் திறப்பதில் தொடங்க வேண்டாம். அதற்குச் சிறப்பு உரிமை வேண்டும். பொதிகள் நம் வசதிக்கு வந்து சேராது. ஒருமுறை தோன்றிய பிழை மறுமுறை தோன்றும் என்ற உறுதியும் இல்லை. அதற்கு மாறாக, டிசிபிடம்ப் கருவியை நிர்வாகி உரிமையோடு ஒருமுறை இயக்கி, டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்ட 53ஆம் போர்ட்டின் போக்குவரத்தைச் சில நிமிடங்கள் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பிடிக்கும்போது ஒரே ஒரு ஈதர்நெட் அல்லது வைஃபை இடைமுகத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள். இனி அந்தக் கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும், சாதாரணப் பயனராகவே, திரும்பத் திரும்பப் படித்து நிரலைச் சரிசெய்துகொள்ளலாம். நூலகத்தின் அமைப்பே இதற்கு இடம் தருகிறது: கோப்பைத் திறந்தாலும் இடைமுகத்தைத் திறந்தாலும் கிடைப்பது ஒரே வகையான ஹேண்டில் (அடுத்த அழைப்புகளில் கொடுக்க வேண்டிய பிடி), அதன்பின் பொதிகளைப் படிக்கும் செயற்கூறுகளும் அவையே.

அந்தக் கோப்பின் வடிவம் மிக எளிமையானது. தொடக்கத்தில் 24 பைட் நீளமுள்ள கோப்புத் தலைப்பு. அதன் முதல் நான்கு பைட்டுகள் பதினறும முறையில் ஏ1பி2சி3டி4 என்ற அடையாள எண்ணைக் கொண்டிருக்கும். படிக்கும் கணினியில் இந்த எண் தலைகீழாகத் தெரிந்தால், கோப்பு எதிர் பைட் வரிசை கொண்ட கணினியில் எழுதப்பட்டது என்று நூலகம் புரிந்துகொண்டு தானே திருப்பிக்கொள்ளும். அதன்பின் ஒவ்வொரு பொதிக்கும் 16 பைட் தலைப்பும் பொதியின் பைட்டுகளும் மாறிமாறி வரும். வயர்ஷார்க் இப்போது இயல்பாக எழுதும் பிகேப்-என்ஜி என்ற புதிய வடிவத்தையும் லிப்பிகேப் படிக்கும். ஆனால் அதில் எழுதாது.

பிகேப்_ஓப்பன்_ஆஃப்லைன் என்ற செயற்கூறுக்குக் கோப்பின் பெயரையும், பிழைச் செய்தி எழுதப்பட வேண்டிய எழுத்து அணியையும் கொடுங்கள். அந்த அணியின் நீளத்தை நீங்களாக முடிவு செய்யாமல், தலைப்புக் கோப்பில் வரையறுக்கப்பட்ட மாறிலியையே பயன்படுத்த வேண்டும். திறந்த அடுத்த வரியிலேயே பிகேப்_டேட்டாலிங்க் என்ற செயற்கூறை அழைத்து, இணைப்பு வகையைக் கேளுங்கள். தொடக்கநிலை நிரல்களில் அதிகமாக விடுபடும் வரி இதுதான். லிப்பிகேப் பொதியை அது இடைமுகத்தில் இருந்த வடிவிலேயே கொடுக்கிறது; பைட்டுகளின் தொடக்கத்தில் என்ன இருக்கும் என்பது இணைப்பு வகையைப் பொறுத்தது. வகை எண் 1 என்றால் 14 பைட் ஈதர்நெட் தலைப்பு. மேக் கணினியின் லூப்பேக் இடைமுகம் (கணினி தன்னோடு தானே பேசும் வழி) வகை 0. அதில் நான்கு பைட் மட்டுமே. லினக்ஸில் எல்லா இடைமுகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் 'எனி' என்ற போலி இடைமுகம் வகை 113, அதன் தலைப்பு 16 பைட். அதன் புதிய வடிவம் வகை 276, தலைப்பு 20 பைட். எல்லாவற்றையும் ஈதர்நெட் என்று எண்ணிக்கொண்டு 14 பைட் தாண்டிப் படிக்கும் நிரல், இவற்றில் பிழைச் செய்தி எதுவும் தராமல் வெறும் குப்பையை அச்சிடும். நம் நிரல் வகை 1ஐ மட்டும் ஏற்று, மற்றவற்றுக்கு 'இந்த இணைப்பு வகை எனக்குத் தெரியாது' என்று சொல்லி நின்றுவிடட்டும். பின்னர் வேண்டியபோது மற்ற வகைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பொதிகளைப் படிக்க, கோப்புக்கு பிகேப்_நெக்ஸ்ட்_இஎக்ஸ் பொருத்தமானது. அது 1 என்று திருப்பினால் பொதி கிடைத்தது. 0 என்றால் நேரடிப் பிடிப்பில் காத்திருப்பு வரம்பு தீர்ந்தது. மைனஸ் 1 பிழை. மைனஸ் 2 கோப்பு முடிந்தது. ஒவ்வொரு பொதியோடும் ஒரு சிறு கட்டுரு வரும். அதில் நேரமுத்திரையும் இரண்டு நீளங்களும் இருக்கும்: கேப்லென் என்பது உண்மையில் நம் கையில் உள்ள பைட்டுகளின் எண்ணிக்கை, லென் என்பது அந்தப் பொதி வலையமைப்பில் இருந்தபோது கொண்டிருந்த நீளம். பிடிப்பவர் குறைந்த நீளத்தை வரம்பாக வைத்திருந்தால் முதலாவது இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்கும். நினைவகத்தில் எதைத் தொடுவதற்கு முன்பும் ஒப்பிட வேண்டியது கேப்லென்னுடன்தான்.

பைட்டுகளைப் பிரித்தல்

இங்கே நிதானம் தேவை, ஏனெனில் இந்த பைட்டுகளை எழுதியவர் யாரென்று நமக்குத் தெரியாது. டிசிபிடம்ப் போன்ற முதிர்ந்த கருவியிலேயே, நெறிமுறைகளைப் பிரித்துப் படிக்கும் பகுதிகளில் எல்லை மீறிப் படிக்கும் பிழைகள் ஏராளமாகக் கண்டுபிடிக்கப்பட்டு, 2017இல் வந்த 4.9.2 பதிப்பில் மொத்தமாகத் திருத்தப்பட்டன. ஆகவே ஒரே ஒரு விதியை விடாமல் பின்பற்றுவோம்: அடுத்து படிக்க வேண்டிய இடம், படிக்க வேண்டிய நீளம் இரண்டையும் கூட்டினால் கேப்லென்னைத் தாண்டுமா என்று பார்த்த பிறகே படிப்பது, தாண்டுமானால் அந்தப் பொதியைக் கைவிட்டு, 'முழுமையற்றவை' என்ற எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவது.

பல எடுத்துக்காட்டு நிரல்களில் பொதியின் முகவரியை நேரே ஐபி தலைப்புக் கட்டுருவின் சுட்டாக மாற்றிப் படிப்பதைக் காணலாம். பார்க்க அழகாக இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஈதர்நெட் தலைப்பு 14 பைட் என்பதால் அதன்பின் வரும் ஐபி தலைப்பு நான்கின் மடங்கான முகவரியில் அமையும் என்ற உறுதி இல்லை. சில கணினிகளின் மையச் செயலிகள் (சிபியு) அத்தகைய வாசிப்பை ஏற்காமல் நிரலையே நிறுத்திவிடும். இரண்டு பைட் எண் வேண்டுமானால், முதல் பைட்டை எட்டு பிட் இடப்புறம் நகர்த்தி, இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறு செயற்கூறை எழுதி எங்கும் அதையே அழையுங்கள். வலையமைப்பின் பைட் வரிசைக்கும் கணினியின் பைட் வரிசைக்கும் உள்ள வேறுபாடும் இதனால் தானாகத் தீர்ந்துவிடும்.

இனி படிப்படியாக உள்ளே செல்வோம். பைட்டுகளைச் சுழியிலிருந்து எண்ணுவோம். ஈதர்நெட் தலைப்பின் 12, 13ஆம் பைட்டுகள் உள்ளடக்கத்தின் வகையைச் சொல்லும். அது பதினறும 0800 என்றால் ஐபி நான்காம் பதிப்பு. 86டிடி என்றால் ஆறாம் பதிப்பு. 8100 என்றால், ஒரே கம்பியில் பல வலையமைப்புகளைப் பிரித்துக் காட்டும் விலான் குறி ஒன்று இடையில் நுழைந்திருக்கிறது, ஆகவே நான்கு பைட் தள்ளிச் சென்று வகையை மீண்டும் பார்க்க வேண்டும். ஐபி நான்காம் பதிப்பில், முதல் பைட்டின் மேல் நான்கு பிட்டுகள் 4 என்று இருக்கின்றனவா என்று சரிபார்த்து, கீழ் நான்கு பிட்டுகளை நான்கால் பெருக்கினால் தலைப்பின் நீளம் கிடைக்கும். அது 20க்குக் குறைவாக இருந்தால் பொதி கெட்டது. 20க்கு மேல் இருந்தால் விருப்பப் புலங்கள் உள்ளன. எப்போதும் 20 என்று எழுதிவைப்பது பெரும்பாலும் வேலை செய்யும் என்பதாலேயே ஆபத்தானது. 6, 7ஆம் பைட்டுகளின் கீழ் 13 பிட்டுகள் சுழியாக இல்லாவிட்டால், இது ஒரு பெரிய பொதியின் பிற்பட்ட துண்டு. இதில், டிஎன்எஸ் கேள்வி பெரும்பாலும் ஏறிச்செல்லும் யுடிபி நெறிமுறையின் தலைப்பே இருக்காது. 9ஆம் பைட் 17 என்றால் யுடிபி. மூல முகவரி 12ஆம் பைட்டில் தொடங்கி நான்கு பைட் நீளும்.

யுடிபி தலைப்பு 8 பைட். அதன் 2, 3ஆம் பைட்டுகள் சேரும் போர்ட். அதையடுத்து டிஎன்எஸ் தலைப்பு 12 பைட். அதன் 2ஆம் பைட்டின் உச்ச பிட் சுழி என்றால் கேள்வி, ஒன்று என்றால் பதில். தலைப்பு முடிந்த இடத்தில் கேட்கப்பட்ட பெயர் தொடங்குகிறது. சாதாரண ஈதர்நெட்டில், விலான் குறியும் ஐபி விருப்பப் புலங்களும் இல்லாத நிலையில், 14, 20, 8, 12 என்று கூட்டினால் அது 54ஆம் பைட். வயர்ஷார்க்கில் அதே பொதியைத் திறந்து இந்த எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பெயர், புள்ளிகளோடு எழுதப்பட்டிருக்காது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அதன் நீளம் ஒரு பைட்டாக வரும். நீளம் சுழியானால் பெயர் முடிந்தது. ஒரு பகுதி 63 பைட்டைத் தாண்டாது, முழுப்பெயர் 255 பைட்டைத் தாண்டாது. நீள பைட்டின் உச்ச இரண்டு பிட்டுகளும் ஒன்றாக இருந்தால், அது நீளமன்று, பொதியின் வேறோர் இடத்தைச் சுட்டும் சுருக்கக் குறி. பதில்களில் இது இயல்பு. கேள்வியில் பார்த்தால் அந்தப் பொதியைக் கைவிடுங்கள். அச்சிடும்போது எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு தவிர மற்ற பைட்டுகளைக் கேள்விக்குறியாக மாற்றிவிடுங்கள். பெயருக்குள் முனையத்தைக் கட்டுப்படுத்தும் குறியீடுகளை நுழைத்து அனுப்புவது யாருக்கும் எளிது.

நேரடிப் பிடிப்பு

கோப்பைக் கொண்டு நிரல் சரியாக இயங்கிய பின்னர், இடைமுகத்துக்கு வருவோம். எந்தெந்த இடைமுகங்கள் உள்ளன என்பதை பிகேப்_ஃபைண்ட்ஆல்டெவ்ஸ் ஒரு சங்கிலிப் பட்டியலாகத் தரும். பயன்படுத்திய பின் பிகேப்_ஃப்ரீஆல்டெவ்ஸ் கொண்டு விடுவிக்க வேண்டும். பட்டியல் வெறுமையாக வந்தாலும் செயற்கூறு வெற்றி என்றே சொல்லும்; திறக்க உரிமையில்லாத இடைமுகங்கள் பட்டியலில் தோன்றாமல் போகலாம் என்பதே பெரும்பாலும் காரணம். முன்பு பரவலாக இருந்த பிகேப்_லுக்கப்டெவ் கைவிடப்பட்ட செயற்கூறு, அதைத் தவிருங்கள்.

பழைய பயிற்சிகள் பிகேப்_ஓப்பன்_லைவ் என்ற ஒற்றை அழைப்பைக் காட்டும். புதிய நிரலுக்கு பிகேப்_கிரியேட் கொண்டு ஹேண்டிலை உருவாக்கி, வேண்டிய அமைவுகளைச் செய்து, இறுதியில் பிகேப்_ஆக்டிவேட் அழைப்பதே நல்லது. இயக்கிய பிறகு அமைவுகளை மாற்ற முடியாது. பிகேப்_செட்_ஸ்னாப்லென், ஒவ்வொரு பொதியிலும் எத்தனை பைட் வேண்டும் என்பதை வரையறுக்கிறது. நினைவகம் மிச்சமாகட்டும் என்று இதை 68 என்றோ 96 என்றோ வைத்தால் நீண்ட பெயர்கள் நடுவில் வெட்டுப்படும். டிசிபிடம்ப் இயல்பாக வைக்கும் 262144 என்ற மதிப்பையே வையுங்கள்.

பிகேப்_செட்_டைம்அவுட் செயற்கூறுக்கு மில்லிநொடியில் அளிக்கப்படும் காத்திருப்பு வரம்பு, பலரும் தவறாகப் புரிந்துகொள்வது. ஒவ்வொரு பொதிக்கும் நிரலை எழுப்பினால் செலவு மிகும் என்பதால், இயங்குதளம் பல பொதிகளைச் சேர்த்து ஒன்றாகக் கொடுக்கிறது, சந்தைக்குப் போகும் மாட்டுவண்டி மூட்டைகள் சேரும்வரை நிற்பதைப் போல. எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதையே இந்த வரம்பு சொல்கிறது. பொதியே வராத நிலையில் இத்தனை மில்லிநொடிக்குள் அழைப்பு கட்டாயம் திரும்பும் என்ற உறுதியை எல்லா இயங்குதளங்களும் தருவதில்லை. அதை நம்பிக் கடிகாரம்போல் பயன்படுத்தும் நிரல் ஓரிடத்தில் ஓடும், வேறிடத்தில் உறைந்துவிடும். நம் பணிக்கு 1000 போதும். பொதி வந்த கணமே வேண்டுமென்றால் பிகேப்_செட்_இமீடியட்_மோட் இருக்கிறது.

பிகேப்_ஆக்டிவேட் சுழியைத் திருப்பினால் வெற்றி, எதிர்ம எண் பிழை, நேர்ம எண் எச்சரிக்கை. அதாவது பிடிப்பு தொடங்கிவிட்டது, ஆனால் கேட்ட ஏதோ ஒன்று கிடைக்கவில்லை. 'சுழி இல்லையென்றால் நிறுத்து' என்று எழுதுவதும் தவறு, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் விடுவதும் தவறு; பிகேப்_ஜெட்எர் தரும் செய்தியை அச்சிட்டுவிட்டுத் தொடருங்கள்.

லினக்ஸில் இதற்கு ரூட் உரிமை, அல்லது கேப்_நெட்_ரா, கேப்_நெட்_அட்மின் என்ற இரு சிறப்பு உரிமைகள் வேண்டும். செட்கேப் கட்டளையால் நிரல் கோப்புக்கு அந்த இரண்டை மட்டும் அளிப்பது, முழு ரூட்டாக இயக்குவதைவிட மேலானது.

வடிகட்டி

பொதிகளையெல்லாம் நிரலுக்குள் கொண்டுவந்து வேண்டாதவற்றை எறிவது வீண். 'யுடிபி டிஎஸ்டி போர்ட் 53' (சேரும் போர்ட் 53ஆக உள்ள யுடிபி பொதிகள்) என்ற சொற்றொடரை பிகேப்_கம்பைல், மெய்நிகர் பொறி ஒன்றுக்கான சிறு கட்டளைத் தொகுப்பாக மாற்றும். பிகேப்_செட்ஃபில்டர் அதை இயன்றவரை இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குள்ளேயே பொருத்தும். கெர்னல் ஏற்காவிட்டால் நூலகமே அதை இயக்கும். மெக்கானும் ஜேக்கப்சனும் 1993இன் யூசெனிக்ஸ் குளிர்கால மாநாட்டில் விளக்கிய பிபிஎஃப் என்ற இந்த வடிவமைப்புதான் நூலகத்தின் வேகத்துக்கு அடிப்படை. இன்று லினக்ஸ் கெர்னலில் பேசப்படும் இபிபிஎஃப் அதன் வழிவந்தது. கட்டளைத் தொகுப்பு இணைப்பு வகையைப் பொறுத்தது என்பதால், இதை ஆக்டிவேட் செய்த பிறகே செய்ய வேண்டும். பொருத்தியபின் பிகேப்_ஃப்ரீகோட் அழைத்து நினைவகத்தை விடுவியுங்கள்.

வடிகட்டியில் ஒரு கண்ணி உண்டு. விலான் குறியுள்ள பொதிகளில் எல்லாப் புலங்களும் நான்கு பைட் தள்ளிப்போவதால், மேற்சொன்ன சொற்றொடர் அவற்றில் பொருந்தாமல் போகலாம். 'விலான்' என்ற சொல்லை அதற்குமுன் சேர்க்க வேண்டும். ஆனால் அந்தச் சொல், தனக்குப் பின்வரும் எல்லா நிபந்தனைகளையும் நான்கு பைட் நகர்த்திவிடுகிறது. ஆகவே குறியுள்ளவை, இல்லாதவை இரண்டும் வேண்டுமென்றால் குறியில்லாத நிபந்தனையை முதலிலும், 'ஆர்' என்ற சொல்லுக்குப் பின் விலான் நிபந்தனையையும் எழுதுங்கள்; வரிசை மாறினால் விளைவும் மாறும்.

பின்னர் பிகேப்_லூப் அழைப்புக்கு எண்ணிக்கையாக மைனஸ் 1 கொடுத்து, முன்பு எழுதிய பிரிப்புச் செயற்கூறைக் கால்பேக்காக (ஒவ்வொரு பொதிக்கும் நூலகமே அழைக்கும் செயற்கூறாக) இணைத்தால் நிரல் ஓடத் தொடங்கும். கால்பேக்குக்கு வரும் பொதியின் சுட்டு, அந்தச் செயற்கூறு முடியும்வரை மட்டுமே செல்லும். பிறகு வேண்டுமானால் பைட்டுகளைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

எவை கண்ணில் படவில்லை

இடைமுகத்தை, தனக்கல்லாத பொதிகளையும் ஏற்கும் ப்ரொமிஸ்க்குவஸ் நிலையில் வைத்தால் அலுவலகத்தின் போக்குவரத்தெல்லாம் தெரியும் என்று எண்ணுபவர்கள் இன்றும் உண்டு. சுவிட்ச் வழியாக இணைந்த வலையமைப்பில் உங்கள் கம்பிக்கு வருவது பெரும்பாலும் உங்களுக்கான பொதிகளும் எல்லோருக்குமான ஒலிபரப்புப் பொதிகளும்தான். பிறருடையவற்றைப் பார்க்க, பிற இணைப்புகளின் பொதிகளைப் படியெடுத்து அனுப்பும் பிரதிபலிப்பு போர்ட் சுவிட்சில் அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து, உபுண்டு போன்றவற்றில் பயன்பாட்டு நிரல்களின் கேள்விகள் முதலில் 127.0.0.53 என்ற உள்முகவரிக்குப் போகும். அங்கே பதில் இல்லையென்றால்தான் வெளியே செல்லும். ஆகவே வைஃபை இடைமுகத்தில் பிடித்தால், முன்பே நினைவில் வைக்கப்பட்ட பெயர்கள் தோன்றா. 'எனி'யில் பிடித்தால் ஒரே கேள்வி இரண்டு முறை தோன்றும். உலாவி டிஎன்எஸ் கேள்வியை எச்டிடிபிஎஸ் வழியாக 443ஆம் போர்ட்டில் அனுப்பினால், அது நம் நிரலுக்குத் தெரியவே தெரியாது. டிசிபி வழியாகச் செல்லும் டிஎன்எஸ்ஸையும் ஐபி ஆறாம் பதிப்பையும் நாம் இன்னும் பிரிக்கவில்லை. வடிகட்டி ஆறாம் பதிப்புப் பொதிகளையும் உள்ளே விடும் என்பதால், அவற்றைத் தனியே எண்ணிக்கொண்டாவது இருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடலாம், ஏனெனில் இதைக் கண்டு வலையமைப்பு பழுது என்று முறையிடுவோர் உண்டு. உங்கள் கணினியிலிருந்து வெளியேறும் பொதிகளில், பிழை கண்டறிய உதவும் செக்சம் என்ற எண் தவறாகத் தெரியலாம். 1500 பைட் வரம்புள்ள இணைப்பில் அதைவிடப் பல மடங்கு பெரிய டிசிபி பொதிகளும் தெரியலாம். செக்சம் கணக்கிடுவதையும் பெரிய பொதியைத் துண்டாக்குவதையும் வலையட்டையிடம் ஒப்படைத்துவிட்ட இயங்குதளம், அதற்கு முந்தைய நிலையில் உள்ள பொதியையே லிப்பிகேப்புக்குக் காட்டுகிறது. கம்பியில் செல்வது வேறு, நாம் பார்ப்பது வேறு.

இறுதியாக, நிரல் வேகமாகப் படிக்காததால் விழுந்துபோன பொதிகள். பிகேப்_ஸ்டாட்ஸ் மூன்று எண்களைத் தரும்: பெறப்பட்டவை, இடையகத்தில் இடமின்றி விடப்பட்டவை, இடைமுகமோ அதன் இயக்கியோ கைவிட்டவை. முதல் எண், வடிகட்டியைக் கடந்தவற்றை மட்டும் குறிக்கிறதா என்பது இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். மூன்றாவது எண் சில இடங்களில் ஆதரிக்கப்படுவதே இல்லை. அங்கே சுழி என்று வந்தால், எதுவும் விழவில்லை என்று பொருளாகாது. நம்பத்தக்கது இரண்டாவது எண். அது ஏறிக்கொண்டே போனால் பிகேப்_செட்_பஃபர்_சைஸ் கொண்டு இடையகத்தைப் பெரிதாக்கலாம், ஆனால் அதற்குமுன் கால்பேக்குக்குள் என்ன செய்கிறோம் என்று பாருங்கள்: அங்கே முகவரியைப் பெயராக மாற்றும் அழைப்பு ஏதேனும் இருந்தால், அது தானும் டிஎன்எஸ் கேள்வி அனுப்பி, அந்தக் கேள்வியும் பிடிபட்டு, நிரல் தன் வாலைத் தானே துரத்தும்.

நிறுத்துதல்

பயனர் குறுக்கிட்டு நிறுத்தும்போது, சிக்னல் கையாளும் செயற்கூறிலிருந்து பிகேப்_பிரேக்லூப் அழைக்கலாம். பிகேப்_லூப் மைனஸ் 2 திருப்பி வெளியேறும். சிக்னலைப் பதிவுசெய்கையில், தடைப்பட்ட அழைப்பைத் தானாக மீண்டும் தொடங்கும் விருப்பத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த பொதி வரும்வரை நிரல் நிற்காமல் போகக்கூடும். பிடித்தவற்றைச் சேமிக்க விரும்பினால், பிகேப்_டம்ப்_ஓப்பன் கொண்டு கோப்பைத் திறந்து, ஒவ்வொரு பொதியையும் பிகேப்_டம்ப் வழியே எழுதி, முடிவில் பிகேப்_டம்ப்_குளோஸ் அழையுங்கள். பிகேப்_ஸ்டாட்ஸ் எண்களை பிகேப்_குளோஸ் அழைப்பதற்கு முன்பே எடுத்து, முழுமையற்றவை, பிரிக்க முடியாதவை என்று நாம் எண்ணிவைத்தவற்றோடு சேர்த்துப் பதிவின் கடைசி வரியாக அச்சிட வேண்டும். ஹேண்டில் மூடப்பட்டபின் அந்த எண்களைக் கேட்க வழியில்லை.